1,381-வது கேள்வி

2024 அக்டோபர் 15. மறுநாள் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசை கட்டி நின்றன. முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசல்கூட அப்படி இருக்காது.

16-ம் தேதி எதிர்பார்த்த மழை வரவில்லை. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து 17-ம் தேதி அதிகாலையில் கரையேறிவிட்டது. ஊர் சிரித்தது. வானிலை மையத்தைப் பார்த்துச் சிரித்தது. பாலத்தில் கார் வைத்தவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தது.

அந்த மனிதர் மேகத்தைக் கணிக்கவில்லை. வடிகாலைக் கணித்தார். 2015-ல் மூழ்கினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் மூழ்கினார். இரண்டு முறை மூழ்கியவருக்கு மூன்றாவது முறை எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காருக்குத் தவணை கட்டுகிற கை, தானாகவே சாவியை எடுக்கும்.

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கார்கள் பாலம் ஏறுவதற்கு மூன்று வாரம் முன்புதான், 2024 செப்டம்பர் 26 அன்று, புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்களை வானிலைக்காக நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். மதிப்பு 850 கோடி ரூபாய். அதே மாதம் ‘மிஷன் மௌசம்’ என்று 2,000 கோடிக்கு ஒரு திட்டமும் ஒப்புதல் பெற்றது. பாலத்தில் நின்ற கார்களின் மொத்த விலை இதைவிடக் குறைவு. நம்பிக்கை மட்டும் அதிகம்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். உலகத்தில் இப்போது பெரிய பந்தயம் ஒன்று நடக்கிறது. வானிலையைச் சரியாகச் சொல்வது யார்? ஏஐயா, பாரம்பரிய மாதிரியா?

பாரம்பரிய மாதிரி என்றால் நம் ஆட்களுக்குப் பஞ்சாங்கம் ஞாபகம் வரும். இந்த வருஷம் மழை இத்தனை மரக்கால் என்று சித்திரை பிறக்கும்போதே சொல்லிவிடுகிற துணிச்சல் வேறு எந்த அறிவியலுக்கும் கிடையாது. ஆண்டு முடிவில் யாரும் மரக்காலை எடுத்துக்கொண்டு அளக்கப் போவதில்லை என்ற தைரியம். இங்கே சொல்லும் பாரம்பரியம் வேறு. காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் இயற்பியல் சமன்பாடுகளில் போட்டுக் கணக்கு செய்வது.

அந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த முதல் ஆள் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். ஆறு மணி நேர வானிலையைக் கணக்கிட அவருக்கு வாரக்கணக்கில் ஆனது. விடை படுமோசம். காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. அன்று நிஜத்தில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. மனிதர் என்ன செய்தார்? குழு அமைக்கவில்லை. முந்தைய ஆட்சியைக் குறை சொல்லவில்லை. 1922-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் தோல்வியை அப்படியே அச்சிட்டார். அந்த நேர்மையின் மேல்தான் இன்றைய வானிலை அறிவியல் நிற்கிறது. நம் ஊரில் பிறந்திருந்தால் 145-ஐ ‘ஓரளவு மாற்றம்’ என்று எழுதி இயக்குநராக ஓய்வு பெற்றிருப்பார்.

ஏஐ கணக்கு போடுவதில்லை. நாற்பது ஆண்டு வானிலைப் பதிவைப் படித்து, இப்படி இருந்தால் அடுத்து அப்படி வரும் என்று பழகிக்கொள்கிறது. ஒரு பையன் சூத்திரத்தைப் புரிந்துகொண்டு கணக்கு போடுகிறான். இன்னொருவன் நாற்பது வருஷத்து வினாத்தாளை உருப்போட்டு வருகிறான். பரீட்சையில் யார் முந்துவார்கள்? நம் மாநிலத்தில் இதைக் கேட்பதே வீண். நாமக்கல் பள்ளிகள் விடையை எப்போதோ சொல்லிவிட்டன.

உருப்போட்டவன்தான் முந்தினான். 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்டின் ‘கிராஃப்காஸ்ட்’ தன் மதிப்பெண் பட்டியலை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. எதிராளி, உலகத்திலேயே சிறந்தது என்று பெயர் வாங்கிய ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரி. மொத்தம் 1,380 கேள்விகள். தொண்ணூறு சதவீதத்தில் ஏஐ வெற்றி. பத்து நாள் வானிலையைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உலகமே கை தட்டியது.

கை தட்டி முடித்துவிட்டு வினாத்தாளைக் கொஞ்சம் பாருங்கள். வெப்பம் இருக்கிறது. ஈரப்பதம் இருக்கிறது. காற்று இருக்கிறது, தரையிலிருந்து 20 கிலோமீட்டர் உயரத்தில் அடிப்பது வரைக்கும். அங்கே வேளச்சேரிக்காரர் யாரும் கார் நிறுத்துவதில்லை. பரவாயில்லை.

மழை இல்லை.

அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். 1,380 கேள்விகளில் மழை பற்றி ஒன்றுகூட இல்லை. எந்தத் தரவை வைத்துத் திருத்த வேண்டுமோ, அதிலேயே மழைக் கணக்கு அத்தனை நம்பகமாக இல்லை. ஆகவே விட்டுவிட்டோம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நேர்மையான காரணம். கட்டுரைக்குள் பத்திரமாக இருக்கிறது. தலைப்புச் செய்தி வரைக்கும் வந்து சேரவில்லை. ‘வானிலையில் ஏஐ வெற்றி’ என்று வந்ததே தவிர, ‘மழை தவிர்த்து’ என்று எந்தத் தலைப்பிலும் வரவில்லை. சாம்பார் தவிர மற்றதெல்லாம் பிரமாதம் என்று சாம்பார் சாதக் கடைக்கு விமர்சனம் எழுதிய மாதிரி.

அந்தக் கட்டுரை வந்து ஒரு மாதம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகம். 95 என்று யாரும் சொல்லவில்லை. ஏஐ சொன்னதா, சொல்லவில்லையா என்ற விவாதம்கூட எழவில்லை. கேள்வித்தாளிலேயே இல்லாத கேள்விக்கு யார் விடை தேடுவார்கள்?

இனி திருத்தும் முறை. இதைக் கேட்டால் கோபம் வராதவருக்கும் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. தாம்பரத்தில் 20 சென்டிமீட்டர் பெய்யும், அம்பத்தூரில் பெய்யாது என்று ஒருவர் துணிந்து சொல்கிறார். மழை தாம்பரத்தை விட்டுவிட்டு அம்பத்தூரில் கொட்டிவிட்டது. பிழையின் வர்க்கத்தைக் கூட்டுவதுதான் வழக்கம். தாம்பரத்தில் 400. அம்பத்தூரில் 400. மொத்தம் 800. இரண்டு இடத்திலும் தலா ஐந்து சென்டிமீட்டர் என்று மழுப்பியவருக்கு 25-ம் 225-ம் சேர்த்து 250. மழையே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டவருக்கு 400.

அதாவது, பெருமழை வரும் என்று சரியாகச் சொல்லி இடத்தை மட்டும் தவறவிட்டவர் கடைசி. தூங்கியவர் இரண்டாவது. மழுப்பியவர் முதல் பரிசு.

கிராஃப்காஸ்ட் போன்ற முதல் தலைமுறை ஏஐ மாதிரிகள் இந்தப் பிழையைக் குறைக்கவே பயிற்சி பெற்றன. அவை என்ன கற்றுக்கொண்டிருக்கும்? நாள் கூடக் கூட உச்சங்களைச் சீவின. பள்ளங்களை நிரப்பின. எல்லாவற்றையும் சராசரிக்கு இழுத்து வழித்தன. ‘ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும். வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்.’ எந்தக் காலத்திலும் யாரையும் மாட்டிவிடாத வாக்கியம். நம் ஆட்கள் நூற்றைம்பது ஆண்டு அரசுப் பணியில் பயின்ற கலை. இயந்திரம் சில வாரப் பயிற்சியிலேயே பிடித்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு மனிதனை எட்டவில்லை என்று யார் சொன்னது? தாசில்தாரை எட்டிவிட்டது.

அடுத்து, பாடத்திட்டத்துக்கு வெளியே வரும் கேள்வி. அமெரிக்க ஆய்வாளர்கள் 2025-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்றாம் வகையிலும் அதற்கு மேலும் உள்ள கடும்புயல்களை எல்லாம் பயிற்சித் தரவிலிருந்து நீக்கிவிட்டு, ஐந்தாம் வகைப் புயலை ஏஐக்குக் காட்டினார்கள். ஏதோ வருகிறது என்று அதற்குத் தெரிந்தது. இரண்டாம் வகையோடு நிறுத்திக்கொண்டது. பார்த்ததில்லை. ஆகவே வராது. இந்தத் தர்க்கத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். ‘நூறு வருஷத்தில் இல்லாத மழை’ என்று ஒவ்வொரு இரண்டு வருஷத்துக்கும் ஒருமுறை ஒரு மைக் முன்னால் நின்று யாராவது சொல்கிறார்கள். சமன்பாட்டுக்கு அந்தச் சாக்கு கிடையாது. இதற்கு முன் பார்த்ததா இல்லையா என்று அது கேட்பதில்லை. தப்பாகவும் போகும். ஆனால் வரலாறு காணாததைக் கணக்கிடக் கூச்சப்படாது.

இதையெல்லாம் சொன்னால் ஏஐக்கு எதிரி என்பார்கள். இல்லை. உருப்போட்ட பையன் கெட்டிக்காரன்தான். 2025 புயல் பருவத்தில் அட்லாண்டிக் புயல்களின் பாதையைச் சொல்வதில் கூகுளின் மாதிரி அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ் மாதிரியை வெகுதூரம் பின்னால் விட்டது. அக்டோபர் 28 அன்று ஜமைக்காவைத் தாக்கிய மெலிஸா புயலின்போது அமெரிக்கப் புயல் மையத்தார் அதையும் பார்த்துத்தான் எச்சரிக்கை எழுதினார்கள். இந்தியாவிலேயே அந்த ஆண்டு பருவமழைத் தொடக்கம் பற்றி ஏஐ கணிப்பு 3.8 கோடி விவசாயிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போனது. மே 24 அன்றே கேரளத்துக்கு வந்த மழை, வடக்கே போகும் வழியில் நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டிச் சொன்னது. விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று வானத்தைப் பார்த்து நிற்பவனுக்கு அது பெரிய உதவி. வணங்குகிறோம்.

வணங்கிவிட்டு ஒன்று கேட்கிறோம். இவன் உருப்போட்ட வினாத்தாள் யாருடையது?

ஐரோப்பிய மையத்தின் ‘ஈரா-5’ என்ற தரவுத்தொகுப்பு. பொதுமக்கள் வரிப்பணத்தில் பலூன் விட்டு, செயற்கைக்கோள் ஏவி, கடலில் மிதவை போட்டுச் சேர்த்த அளவீடுகளை அதே பாரம்பரிய மாதிரியில் போட்டுப் பிசைந்து உருவாக்கியது. உலகத்துக்கே இலவசம். இன்று காலை வானம் எப்படி இருக்கிறது என்ற முதல் வரியையும் அந்தப் பழைய வாத்தியார்தான் எழுதிக் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொண்டு மீதியை ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டு, வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்கிறான் பையன். சரி, பையன் சொல்லவில்லை. பையனை வைத்து வியாபாரம் செய்ய வந்தவர்கள் சொல்கிறார்கள்.

சொல்வதோடு நிற்கவில்லை. ஏஐ பிறந்த அமெரிக்காவிலேயே 2025-ல் வானிலைத் துறையில் ஆட்குறைப்பு நடந்தது. அலாஸ்காவின் காட்ஸிபூவில் ஆள் இல்லாமல் வானிலை பலூன் விடுவதையே நிறுத்தினார்கள். இன்னும் சில ஊர்களில் குறைத்தார்கள். இயந்திரம் தின்பது அந்தப் பலூன் கொண்டுவரும் எண்களைத்தான். சோற்றுப் பானையை உடைத்துவிட்டு வெள்ளிக் கரண்டியைக் கொண்டாடுகிறார்கள். ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான். இந்தக் காலத்துச் சீடர்களின் முதலாளிகள் துரோணரின் கட்டைவிரலைக் கேட்கிறார்கள்.

ஐரோப்பிய மையத்தார் விவரமானவர்கள். 2025 பிப்ரவரியில் தங்கள் சொந்த ஏஐ மாதிரியைப் பணியில் அமர்த்தினார்கள். பழையதை வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். புதியது பழையதைவிடச் சில அளவுகளில் இருபது சதவீதம் வரை மேல். ஆனால் அதன் கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர், பழையதுக்கு 9. அந்த 28 கிலோமீட்டர்க் கட்டம் ஒன்றின் பரப்புக்குள் சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரும் அடங்கிப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இடம் மிச்சமிருக்கும். திருவொற்றியூருக்கும் வேளச்சேரிக்கும் ஒரே எண். நமக்கும் 2025 மே மாதம் ‘பாரத் முன்கணிப்பு முறை’ வந்துவிட்டது. 12 கிலோமீட்டர்க் கட்டம் 6 ஆகியிருக்கிறது. நல்லது. 6 ஒரு நாள் 1 ஆகும். தெருவுக்கு ஒரு எண் வரும். ஏஐயும் சமன்பாடும் கைகோத்து, உங்கள் வாசலில் மாலை 4:20-க்கு மழை தொடங்கும் என்று சொல்லும்.

சொன்ன பிறகு?

இங்கேதான் மொத்தப் பந்தயமும் கேலிக்கூத்தாகிறது. சொல்கிறவருக்கு ஆயிரத்துச் சொச்சம் கேள்வியில் பரீட்சை. கேட்கிறவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

வானிலைத் துறையின் வண்ணங்களுக்கு அர்த்தம் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. சிவப்பைப் பார்த்ததும் நாம் எடுக்கும் நடவடிக்கை உலகறிந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. வடிகாலுக்கு ஏற்கெனவே விடுமுறை.

அந்தச் சிவப்பும் 20 சென்டிமீட்டருக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் பொருந்தும். 21-ம் சிவப்பு. 95-ம் சிவப்பு. 2023 டிசம்பரில் இதை வைத்துத்தான் இரண்டு அரசுகள் கட்டிப் புரண்டன. 12-ம் தேதியே எச்சரித்துவிட்டோம் என்றது டெல்லி. இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே என்றது சென்னை. இரண்டு பேரும் சொன்னது அவரவர் அளவில் நிஜம். இரண்டு நிஜங்களுக்கும் நடுவில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி நின்றது. சுமார் 800 பயணிகள். தாமிரபரணிக்கு மத்திய பங்கு, மாநிலப் பங்கு என்றெல்லாம் பிரித்து ஓடத் தெரியாது.

அடுத்த ஆண்டு நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, கரையேறிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் 50. டிசம்பர் 2 அதிகாலை, ஊர் தூங்கும் நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. கொடுக்கவில்லை என்றது எதிர்க்கட்சி. தென்பெண்ணை இரண்டு பேரையும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 4, கூகுளின் ‘ஜென்காஸ்ட்’ பற்றிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. முந்தைய மழுப்பலைப் பெருமளவு களைந்த புதிய தலைமுறை. 1,320 கேள்விகளில் 97.2 சதவீதம் வெற்றி. விழுப்புரத்திலும் கடலூரிலும் அப்போது சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள்.

97.2-ஐ 99 ஆக்குங்கள். மனதார வாழ்த்துகிறோம். ஆனால் அணையின் ஷட்டருக்கும் ஆற்றங்கரை வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில மணி நேரத்தின் மதிப்பெண் என்ன? 2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறையே எழுதிவிட்டது. அது எந்த மாதிரியின் பிழை? கணிப்பு தப்பினால் வானிலை மையத்தைத் திட்டலாம். கணிப்பு பலித்தால் வானத்தைத் திட்டலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இத்தனை ஆண்டும் நனையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏஐ மாநாட்டில் பொத்தானை அழுத்த முதலில் நீளுகிற கை, ஷட்டர் திறக்கும் நேரம் வந்தால் கோப்பைத் தேடுகிறது.

ஆகவே வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1,380 கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேருங்கள். ‘கணிப்பு கிடைத்தது எத்தனை மணிக்கு? அதைப் பெற்றவர் எழுந்தது எத்தனை மணிக்கு?’ இதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு கடிகாரம் போதும். எழுத வேண்டியவர் இயந்திரமும் இல்லை. மாவட்டத்துக்கு ஒருவர், அணைக்கு ஒருவர், வார்டுக்கு ஒருவர். பெயரோடும் பதவியோடும்.

மணி அடித்துவிட்டது. யாரும் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

மேகம் கறுக்கிறது. வேளச்சேரிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.